ஏரியல் வயரில் ஒரு கட்டு

எனக்குப் பேய் பிசாசு பயமெல்லாம் கிடையாது. மாஸ்கிங் டேப் சுற்றி வயரை ஒட்டுகிற ஆட்களைக் கண்டால்தான் பயம். ஈப்போ புந்தோங்கில் பத்தொன்பது வருஷமாக வண்டி வயரிங் கடை வைத்திருக்கிறேன். "பொம்பள பாக்குற கடையா?" என்று வாசலோடு திரும்பிப் போனவர்கள், வேறெங்கோ கொடுத்து ஃபியூஸ் பெட்டியைக் கருக்கிக்கொண்டு மறுபடியும் என்னிடமே வந்திருக்கிறார்கள். வேலையைச் செய்து கொடுப்பேன். ஆனால் நாலு வார்த்தை சொல்லிக் காட்டாமல் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்க மாட்டேன். புனிதாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் வரிசையில் எல்லாக் கடைக்கும் தெரியும்.

ஜெயபாலன் அண்ணன் அந்த வேனைக் கொண்டுவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி வாக்கில். செமோரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருந்தார். வேன் பழசுதான், ஆனால் உள்ளே ஒரு மிட்டாய்க் காகிதம்கூட இல்லை. பள்ளிக்கூட வேன் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"ரேடியோ ரோசாக் லா தங்கச்சி. ஒரு மாசமா ஒரே எரைச்சல். எந்த ஸ்டேஷனும் எடுக்க மாட்டேங்குது."

"ரேடியோவா ஏரியலான்னு மொதல்ல பாப்போம்ணே."

அந்த வேனுக்கு ஏரியல் கம்பி இடது பக்கத் தூணில் இருந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் வசதி. ஏறப் போனேன். அவர் கையை நீட்டி மறித்துவிட்டார்.

"அங்க உக்காராதீங்க."

"ஏன், ஸ்பிரிங் போச்சா?"

"இல்ல. அது விமலா சீட்டு."

விமலா அவருடைய மனைவி. இருபது வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்து, பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் கதவைச் சாத்தியவள். போன வருஷம் மாசியில் தவறிப் போனாள், அதுவும் இதே வேனில், மாரடைப்பில். இதை அவர் வண்டி நம்பரைச் சொல்வது மாதிரி மடமடவென்று சொல்லி முடித்தார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சரி என்று கீழே நின்றபடியே, உடம்பை வளைத்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

ரேடியோவை வெளியே இழுத்து ஏரியல் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தேன். ஏரியல் வயருக்கு நடுவில் ஒரு மெல்லிய கம்பி ஓடும், அதைச் சுற்றி வலை மாதிரி இன்னொரு கம்பி. இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்டால் மீட்டர் கத்தும். கத்தியது.

"வயர்தான்ணே. உள்ள எங்கயோ ஷார்ட் ஆகியிருக்கு. ஒட்டுப்போட்டா நிக்காது. முழுசா மாத்திருவோம்."

அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாத்துங்க. ஆனா உள்ள ஒரு கட்டு இருக்கு. அத மட்டும் அவுத்துடாதீங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. எங்கள் தொழிலில் கட்டு என்றால் வயர்க் கட்டு. முன்விளக்கு, வைப்பர், மீட்டர் எல்லாவற்றுக்கும் போகிற வயர்களைச் சேர்த்துச் சுற்றி வைத்திருப்பது. அதை அவிழ்த்துவிட்டு விழிக்கிறதற்கு நான் என்ன நேற்றுக் கடை திறந்தவளா?

"பத்தொம்பது வருஷமா கட்ட அவுக்காமதான் வேல செஞ்சிட்டு இருக்கேன்ணே. போய் ஒரு தே குடிச்சிட்டு வாங்க."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அது போதும் தங்கச்சி" என்று எதிரில் இருந்த தேநீர்க் கடைக்குப் போனார். சாவி போட்டபடியே இருந்ததால் ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. பழகிப்போனதால் அதை அணைக்க எனக்குத் தோன்றவில்லை.

ஏரியல் வயர் மாற்றுவதில் ஒரு சுலப வழி உண்டு. பழைய வயரின் வாலில் புது வயரின் தலையைக் கட்டிவிட்டுப் பழையதை மறுபக்கம் இழுத்தால், அது போன பாதையிலேயே புதியது தானாக வந்துவிடும். தூணின் மூடியைப் பெயர்த்து, டாஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, அப்படித்தான் இழுத்தேன். ஒரு முழம் வந்தது. பிறகு சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்புக் கயிறு. ஏரியல் வயரைச் சுற்றி நெருக்கமாக ஏழெட்டுச் சுற்று, முடிச்சுக்கு மேல் முடிச்சு. எவனோ ஒரு சோம்பேறி பிளாஸ்டிக் கட்டுக்குப் பதிலாக சணலைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்று அவனைத் திட்டிக்கொண்டே கட்டரை உள்ளே விட்டு நறுக்கினேன்.

கயிறு அறுந்ததும் ஏதோ ஒன்று என் உள்ளங்கையில் விழுந்தது. செப்புத் தகடு. சுருட்டி வைத்திருந்தது. கோடு கோடாக எழுத்தும் கட்டமும் கீறியிருந்தது. கயிற்றில் மஞ்சள் பூசிய வாசனை இன்னும் போகவில்லை. சுருளுக்குள்ளே நீளமாக நாலைந்து தலைமுடி, பாதி கறுப்பு, பாதி நரை.

முதலில் எனக்கு வந்தது தொழில் புத்திதான். தகட்டின் கூர் முனை, வண்டி அதிர அதிர, வயரின் தோலை அறுத்து உள்கம்பிவரை போயிருந்தது. ஷார்ட் இங்கேதான். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. அவர் சொன்ன கட்டு எந்தக் கட்டு என்பது அதற்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து ரேடியோவின் இரைச்சல் நின்றது.

நின்றது என்றால், குறையவில்லை, விட்டுவிட்டு வரவில்லை, சட்டென்று நின்றது. எதிர்க்கடையில் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்ணின் குரல். பாட்டு இல்லை, அறிவிப்பாளர் குரலும் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வது போல.

"எறக்கி விடுங்க."

கொஞ்சம் விட்டு மறுபடியும். "எறக்கி விடுங்க."

புது வயர் இன்னும் எதிலும் மாட்டப்படவில்லை. அதன் பிளக் என் தோளில் தொங்கியது. பழைய வயர் இரண்டு முனையும் கழன்று தொங்கியது. ஏரியலே இல்லாத ரேடியோ அது. என் முழங்கை விமலாவின் சீட்டில் ஊன்றியிருந்தது. சீட் சூடாக இருந்தது. அந்தப் பக்கம் வெயிலே படவில்லை. நான் சாவியைத் திருகி ரேடியோவை அணைத்துவிட்டு, கடைக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். பயந்துவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஜெயபாலன் அண்ணன் திரும்பி வந்தபோது தகடும் கயிறும் என் மேசைமேல் இருந்தன. பார்த்த உடனே அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவுத்துட்டீங்களா?"

"நான் வயர்க் கட்டுன்னு நெனச்சேன்ணே."

"சொன்னேனே தங்கச்சி. சொன்னேன்ல?" அவர் குரல் உடைந்தது. "திரும்பக் கட்டுங்க. இப்பவே கட்டுங்க. அவ போயிருவா."

உட்கார வைத்துக் கேட்டேன். கருமாதி முடிந்து வேனை மறுபடி எடுத்த முதல் வாரமே குரல் கேட்க ஆரம்பித்ததாம். சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பக்கத்தில் போகும்போது ஸ்டேஷன் அறுந்து இரைச்சல் வரும் இல்லையா, அந்த இரைச்சலுக்குள்ளே. தாப்பா பக்கம் ஒரு சாமியாடியிடம் போனார். "எறக்கு எறக்குன்னு கேக்குது சாமி" என்று சொல்லியிருக்கிறார். சாமியாடி கண்ணை மூடிக்கொண்டு, "உம் பொண்டாட்டி எடமில்லாம அலையுறா. அவள எறக்கி வைக்கச் சொல்றா" என்றாராம். ஒரு அமாவாசை அன்று வேனுக்குள்ளேயே உடுக்கை அடித்து, விமலாவின் சீப்பில் இருந்த முடியைத் தகட்டில் வைத்துச் சுருட்டி, குரல் வந்த வழியிலேயே, அதாவது ஏரியல் வயரிலேயே, அவளை இறக்கிக் கட்டிவிட்டார்கள்.

"அதுக்கப்பறம் கொரல் வரல. அடங்கிட்டா. பக்கத்துலயே இருக்கான்னு தெம்பா இருந்துச்சு. ஒரு மாசமா ரேடியோவும் போயிருச்சா, அதான் வந்தேன். அவ பேசாட்டி போவுது, பாட்டாவது கேக்கட்டுமேன்னு."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? செத்த பிறகும் ஒரு பொம்பளையை சீட்டில் கட்டிப் போட்டு, பாட்டு வேறு வைக்கிறாராம். வாய் துடித்தது. ஆனால் என் காதில் விழுந்த அந்தக் குரல் என் வாயை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, எனக்கும் கேட்டுச்சு."

அவர் நிமிர்ந்தார்.

"எறக்குன்னு கேக்கல. 'எறக்கி விடுங்க'ன்னு கேட்டுச்சு. விடுங்க. சாமியாடிகிட்ட அந்த 'விடுங்க'வச் சொன்னீங்களா, முழுங்கிட்டீங்களா?"

நம் ஆட்கள் சாமியையும் இறக்குவார்கள், சாமானையும் இறக்குவார்கள், வண்டியில் வருகிறவர்களையும் இறக்கி விடுவார்கள். சாமியாடிக்குத் தெரிந்தது முதல் இறக்கம். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பாதி வார்த்தையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் பாதி அர்த்தம்தான் சொல்வார்கள். ஆனால் ஒரு பெண், மூச்சு வாங்கிக்கொண்டு, "எறக்கி விடுங்க" என்று மரியாதையோடு யாரிடம் கேட்பாள்? வண்டி ஓட்டுகிற புருஷனிடம்.

"அக்கா கடைசியா ஒங்ககிட்ட என்னண்ணே சொன்னாங்க?"

கடையில் இருந்த பழைய பேட்டரிமேல் அவர் மெல்ல உட்கார்ந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. வெளியே ஒரு லாரி நின்று, சாமான் இறக்கி, போய்விட்டது.

"அன்னைக்குக் காலைல சண்ட. அவ அண்ணன் மக சடங்குக்கு நான் வர மாட்டேன்னுட்டேன். சுங்கை சிப்புட்ல ஒரு வேல முடிஞ்சு திரும்பி வந்துகிட்டிருந்தோம். லிண்டன் தோட்டத்து சிம்பாங் வந்துச்சு. எறக்கி விடுங்கன்னா."

லிண்டன் தோட்டம் எனக்குத் தெரியும். ரப்பரெல்லாம் போய் இப்போது செம்பனையும் தாமான் குடியிருப்பு வீடுகளும். சாலை பிரிகிற அந்த சிம்பாங்கில் திரும்பி உள்ளே போனால் விமலாவின் தாய் வீடு இருக்கிறதாம்.

"சண்ட வந்தா அவ எப்பவும் அந்த எடத்துல அப்படித்தான் சொல்லுவா. எறக்கி விடுங்க, எங்கம்மா வூட்டுக்குப் போறேன்னு. இருவது வருஷமா கேட்டது. அன்னைக்கும் அதான்னு நெனச்சேன். மூணு தடவ சொன்னா தங்கச்சி. நான் திரும்பியே பாக்கல."

"அப்பறம்?"

"ரேடியோ சத்தத்தக் கூட்டுனேன்."

ரெண்டு மைல் தாண்டி, ஒரு லாரிக்கு வழிவிட இடது பக்கம் பார்த்திருக்கிறார். விமலாவின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கோபத்தில் தூங்குகிறாள் என்று நினைத்து இன்னும் ஒரு மைல் ஓட்டினாராம்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அந்த சிம்பாங்ல கடை வரிசை ஒண்ணு இருக்கே. அங்க வேற என்னண்ணே இருக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தெரிந்துதான் இருந்தது. பதினாலு மாதமாகத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"கிளினிக்" என்றார்.

சொல்லிக் காட்ட என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. நானும்தானே காலையில் அவர் சொன்ன கட்டை வேறு கட்டாக எடுத்துக்கொண்டு, அவரை அதட்டி அனுப்பினேன். அவர் அருகில் போய் நின்றேன். தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"வயர மாட்டி முடிச்சிர்றேன். தகட்ட நான் கட்ட மாட்டேன்ணே. ஒங்களுக்குக் கட்டணும்னா நீங்களே கட்டிக்கோங்க. அக்கா போறதும் இருக்குறதும் ஒங்க கையிலதான் இருக்கு."

தகட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு, மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். மதியப் பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் ஏற்றச் சொல்லி இன்னொரு வேன்காரருக்குப் போன் செய்தார்.

புது வயரை மாட்டினேன். மீட்டர் கத்தவில்லை. ரேடியோவைப் போட்டதும் பாட்டு கணீரென்று வந்தது. ஆனால் ஈப்போவில் ஏரியல் வேலை செய்துவிட்டுக் கடை வாசலிலேயே சரி பார்ப்பது ஏமாற்று வேலை. வாசலில் எல்லா ரேடியோவும் பாடும். குன்றுகளுக்குப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ஒவ்வொரு வேனையும் நான் அப்படித்தான் ஓட்டிப் பார்ப்பேன். அன்று, "நீங்க ஓட்டுங்கண்ணே, நான் கேக்குறேன்" என்றேன். பின்வரிசையில், பிள்ளைகள் உட்காரும் சீட்டில் ஏறிக்கொண்டேன். இடது முன் சீட்டைத் தொடவில்லை.

செமோர்வரை பாட்டு தெளிவாக வந்தது. செமோரைத் தாண்டிக் குன்று நெருங்கியபோது லேசாக இரைந்தது. அவர் கை ரேடியோவை நோக்கிப் போனது. சத்தத்தைக் கூட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ரேடியோவை அணைத்தார்.

வேனுக்குள் இன்ஜின் சத்தம் மட்டும். பிறகு இன்னொரு சத்தம், யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுவது. என்னுடைய மூச்சை அடக்கிப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

"எறக்கி விடுங்க."

ரேடியோவில் இருந்து வரவில்லை. ஸ்பீக்கர் எனக்குப் பின்னால் இருந்தது. குரல் முன்னால், இடது பக்கத்திலிருந்து வந்தது. என் கை முடியெல்லாம் நட்டுக்கொண்டது. கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. கண்ணாடியில் ஜெயபாலன் அண்ணனின் முகம் தெரிந்தது. அவர் அழுதுகொண்டே ஓட்டினார். ஒரு கை சட்டைப் பையின் மேல் இருந்தது.

"போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?" என்றார் அந்த சீட்டைப் பார்த்து.

சீட்டில் மூச்சு மட்டும் இழுத்தது. தூரத்தில் லிண்டன் தோட்டத்து சிம்பாங்கின் சிக்னல் பச்சையாக இருந்தது. நேராகப் போனால் போய்விடலாம். அன்றைக்கும் பச்சையாகத்தான் இருந்திருக்கும். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. திரும்புங்கண்ணே என்று தொண்டைவரை வந்தது. அதை நான் சொல்லக் கூடாது என்றும் தெரிந்தது.

அவர் இண்டிகேட்டரைப் போட்டார். இடது பக்கம்.

கடை வரிசையில் ஒரு லாண்டரி, ஒரு மினி மார்க்கெட், கடைசியில் கிளினிக். அதன் வாசலிலேயே நிறுத்தினார். பையிலிருந்த தகட்டை எடுத்து டாஷ்போர்டில் வைத்தார். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, விமலாவின் கதவைத் திறந்தார்.

"மெதுவா" என்றார். "படி ஒசரம். கையப் புடிச்சுக்க."

கையை நீட்டினார். நீட்டியபடி நின்றார். கனமான ஆள் இறங்கினால் வேன் ஒரு பக்கம் லேசாக எழும்பும். அப்படி எழும்பியது. எனக்குக் கீழே ஸ்பிரிங் முனகியது. நான் ஆடவே இல்லை. அவர் அடி அடியாக நடந்தார், பக்கத்தில் ஒருவர் நடக்க முடியாமல் வருகிறபோது நாம் நடப்போமே, அப்படி. இடையில் ஒரு முறை நின்று காத்திருந்து பிறகு நடந்தார். அவரைத் தனியாக விட மனம் வராமல் நானும் இறங்கிப் பின்னால் போனேன்.

கண்ணாடிக் கதவை அவர் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து, பிறகுதான் உள்ளே போனார். இரண்டு பேர் காத்திருந்தார்கள். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் தலை நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குப் பாக்கணும் அங்கிள்?"

"என் சம்சாரத்துக்கு."

"பேரு?"

"விமலா."

"என்ன செய்யுது அவங்களுக்கு?"

"நெஞ்சு வலி. மூச்சு விட முடியல."

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சட்டென்று எழுந்தாள். அவர் பின்னால் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

"ஆன்ட்டி எங்க அங்கிள்? இன்னும் வேன்லயா இருக்காங்க?"

"இல்லம்மா" என்றார் ஜெயபாலன் அண்ணன். "இப்பதான் எறக்கி விட்டேன்."